செத்துப்போன சைஸ்

லோர்னா மண்டியிட்டு வயோமிங் வெயிலில் சரளைக்கற்களைத் துழாவுகிறாள். அடுத்த போட்டியாளர் சுட வருவதற்குள் தன் ரிவால்வரிலிருந்து தட்டிக் கொட்டிய ஆறு காலிப் பித்தளைக் கூடுகளையும் பொறுக்கியாக வேண்டும். முப்பத்திரண்டு அளவுத் தோட்டா இந்த ஊர்க் கடைகளில் வருவதில்லை. பழைய கூட்டிலேயே மறுபடி வெடிமருந்தடைத்தால்தான் அடுத்த போட்டி. ஐந்து கிடைத்துவிட்டன. காற்றில் இன்னும் மருந்து வாசனை.

"அந்த சைஸ் எப்பவோ செத்துப்போச்சு லோர்னா. எல்லாரையும் போல ஒரு நைன் எம்எம் துப்பாக்கி வாங்கித் தொலையேன்" என்கிறான் சக போட்டியாளன் வெர்னன், அவளோடு குனிந்து தேடியபடி.

"வாயை மூடிட்டுத் தேடு."

புல்லோரம் இரண்டு மினுங்குகின்றன. எடுத்து எண்ணுகிறாள். ஏழு.

"நான் ஆறுதானே சுட்டேன்?"

வெர்னனின் காது சிவக்கிறது. "ஒண்ணு என்னோடது. காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி சுட்டுப் பார்த்தேன். போன வாரம் நானும் ஒரு முப்பத்திரண்டு வாங்கிட்டேன்."