டுவெயின் மறைத்தது

டெட்ராய்ட் பனியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவந்த கணவனை லோர்னா வாசலிலேயே மறித்தாள்.

“டுவெயின், உண்மையைச் சொல்லு. வேலை போயிடுச்சா? கொஞ்ச நாளா உன் டிரக்கைத் தொடறதே இல்ல. மாட்டுக்கறி வேணாம், பீன்ஸ் போதும்ங்கற. ஹீட்டரைக் குறைச்சுட்டு ஸ்வெட்டரோட தூங்கற. என்கிட்டயே மறைக்கறியா?”

டுவெயின் தலையைச் சொறிந்தான்.

“வேலையெல்லாம் அப்படியேதான் இருக்கு. சாயங்காலம் காலேஜ்ல பருவநிலை மாற்றம் பத்திப் படிக்கறேன். இதெல்லாம் பூமி சூடாகறதைக் குறைக்க அங்க குடுக்கற வீட்டுப்பாடம். ஃபேக்டரில டிரக் தயாரிக்கறவன், பேரன் எடுத்த வயசுல இதைப் படிக்கறேன்னா நீ சிரிப்பியேன்னுதான் சொல்லல.”

லோர்னா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடப்பாவி! வேலை போனவன் வாயைத் திறக்க மாட்டேங்கறான், குடும்பம் நடக்கணுமேன்னு நேத்துதான் என் காரை வித்தேன்!”

டுவெயின் முகம் மலர்ந்தது.

“நிஜமாவா? வீட்ல இன்னொருத்தரையும் மாத்திக் காட்டணும்கறதுதான் கடைசி வீட்டுப்பாடம்!”