குரைக்காத செவலை

துணி பேசுமா என்று கேட்கிறவர்கள் தாமோதரனின் பழைய சட்டையைப் பார்த்ததில்லை. இரண்டு பொத்தான் போன பிறகும் அது வாயை மூடியதே கிடையாது.

தாமோதரன் வேலைக்குப் போனதும், கொல்லையில் கட்டிக் கிடக்கும் செவலை நாய் ஓயாமல் குரைக்கும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள்.

"இன்னொரு தடவை குரைச்சே, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுருவேன்" என்றான் அவன். தன் வாசனை இருந்தால் அடங்கும் என்று, கழற்றிய சட்டையை அதன் சாக்கில் போட்டுவிட்டுப் போனான்.

"அழுவாதடா" என்றது சட்டை. "அவன் கல்யாணத்துக்கே என்னைத்தான் போட்டான். நம்மள விட்டுட்டு எங்கே போயிருவான்? சத்தம் போடாம இரு, சாயங்காலம் வந்துருவான்."

செவலை சட்டைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அவன் வந்தான். தினமும் வந்தான். மூன்றே மாதத்தில் செவலை குரைப்பதையே விட்டுவிட்டது.

ஒரு நாள் காலை வாசலில் லாரி வந்து நின்றது. கட்டில் போனது, பீரோ போனது, அம்மிக்கல்கூடப் போனது. கடைசியில் தாமோதரன் கொல்லைக்கு வந்தான். செவலையின் தலையைத் தடவினான். சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

செவலைக்குக் குரைப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

"வேண்டாண்டா" என்றது சட்டை. "இப்போ குரைச்சா விட்டுட்டுப் போயிருவான்."

செவலை அடக்கிக்கொண்டது. லாரி போய்விட்டது. சாயங்காலமும் வந்து போனது.

"நான் ஒரு சத்தமும் போடலையே அண்ணே?" என்று கேட்டது செவலை.

சட்டை ஒன்றும் பேசவில்லை.