அம்மா கடைசியில்தான்

"அம்மா கடைசியாத்தான் எடுக்கணும்!"

மகள் மேஜையைத் தட்டிச் சொன்னதும் வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். பங்காளிச் சண்டை அவருக்குப் புதிதில்லை. பெற்ற தாயை வரிசையில் பின்னால் தள்ளும் மகளை இப்போதுதான் பார்க்கிறார்.

மேஜை மேல் நாலு சாவிகள் கிடந்தன. பேக்கரிக்காரர் காலமாகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவர் விட்டுப்போனதை அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இன்று பிரித்துக்கொள்கிறார்கள். நாலு பங்காகப் போட்டது அம்மாவேதான்.

கடை ஒரு பங்கு. கடைக்கு மேலே, அம்மா இப்போது குடியிருக்கும் மாடி வீடு ஒரு பங்கு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சுற்றுச்சுவர் வைத்து கேட் பூட்டிய காலிமனை ஒன்று. நாலாவது, பின்பக்கம் மாவு மூட்டை அடுக்கும் அறை. ஜன்னல் கிடையாது. மழை வந்தால் உள்ளேயும் குடை பிடிக்க வேண்டும்.

சின்னவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, இதெல்லாம் ஒரு பங்கா? யார் தலையில விழப்போகுதோ!"

"உன் தலை தப்பிச்சா சரிதானே? சும்மா இருடா" என்றாள் அம்மா.

பெரியவன் பெருந்தன்மையாகச் சொன்னான். "முதல்ல அம்மா எடுக்கட்டும். அதுதான் மரியாதை. அப்புறம் வயசு வரிசையில நாங்க எடுத்துக்கிறோம். நான், தங்கச்சி, தம்பி."

அம்மாவும் சந்தோஷமாகக் கையை நீட்டினாள். அப்போதுதான் மகள் குறுக்கே விழுந்தாள்.

"அப்பா போட்ட சட்டம் என்னண்ணே? கேக்கை யார் வெட்டுறாங்களோ, அவங்க கடைசித் துண்டைத்தான் எடுக்கணும். அப்பதான் ஒழுங்கா வெட்டுவாங்கன்னு சொல்வாரில்ல? பங்கு போட்டது அம்மா. அப்ப அம்மாதான் கடைசி."

"கேக்கும் சொத்தும் ஒண்ணா?"

"சின்ன வயசுல இதே சட்டத்தைச் சொல்லித்தானே ரெண்டு பேரும் என்னை வெட்டவிட்டுக் கடைசியில நிறுத்துனீங்க? இப்ப மட்டும் கசக்குதா?"

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஏண்டி அடம் பிடிக்கிறே? நான் ஏதோ ஒண்ணை எடுத்துட்டு எழுந்து போறேனே."

"முடியாதும்மா. எனக்கு முன்னாடி நீ சாவியைத் தொட்டா நான் கையெழுத்துப் போடமாட்டேன். தம்பி வேணும்னா எனக்கு முன்னாடி எடுத்துக்கட்டும்."

நாலு பேரும் கையெழுத்துப் போடாமல் காரியம் நடக்காது. பெரியவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

"சரி, உன் இஷ்டம்!" என்று பெரியவன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டான். அப்பாவோடு சேர்ந்து அடுப்படியில் வெந்தவன் அவன், அதில் யாருக்கும் வருத்தமில்லை. சின்னவனுக்கு வீடு கட்டும் ஆசை ரொம்ப நாளாக உண்டு. மனைச் சாவி அவன் சட்டைப்பைக்குள் போனது.

மிச்சம் இரண்டு. மாடி வீடு, மாவு அறை.

பெரியவனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "ஓஹோ! இதுக்குத்தானா இவ்வளவு சட்டம் பேசினே? மாடியை நீ அமுக்கிட்டு, அம்மாவை மாவு மூட்டையோட படுக்க வைக்கப் போறியா?"

"அக்கா, மாமாதான் சொந்த வீடு வச்சிருக்காரே. உனக்கு எதுக்கு இந்தப் பேராசை?" என்றான் சின்னவன்.

வக்கீல்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மட்டும், "அவளை ஒண்ணும் சொல்லாதீங்கடா. மாடியை அவளே எடுத்துக்கட்டும். எனக்கு மனசு நிறைஞ்சுதான் இருக்கு" என்றாள். உண்மையிலேயே அவள் முகம் மறுபடி மலர்ந்திருந்தது.

மகள் கையை நீட்டி, துருப்பிடித்த சாவியை எடுத்தாள்.

"எழுதிக்குங்க சார். மாவு ரூம் எனக்கு."

அம்மா பதறினாள்.

"அடிப்பாவி! அதை எனக்குன்னுல்ல நினைச்சு வச்சிருந்தேன்!"

மகள் மாடிச் சாவியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"தெரியும்மா. உன்னை முதல்ல எடுக்க விட்டிருந்தா, நீ இதைத்தானே எடுத்திருப்பே?"