விட்டுப்போன வெள்ளம்

மூன்றாம் நாளா நான்காம் நாளா, சரியாக நினைவில்லை. மதியம் என்பது தெரியும். அவர் சொன்ன வார்த்தை தெரியும். அதைக்கூட நான் பிறகு திருத்திக்கொண்டிருக்கலாம்.

என் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்தார்.

ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு ஏற்றியிருந்தார்கள். அந்தக் குமிழி மேலெழும்பி, கிழிந்த விழித்திரையை ஒட்டிப் பிடிக்க வேண்டும். அதுவரை முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் அப்படியே.

காபியில் ஸ்ட்ரா போட்டுக் கட்டில் விளிம்புக்குக் கீழே பிடித்தேன். குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

எனக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய பின்னந்தலை. நான் இல்லாத வருடங்களில் அது நரைத்திருந்தது.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தபோது நான் மறுக்கவில்லை. அவரும் போகாதே என்று சொல்லவில்லை.

துணைக்கு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வந்தேன். முகத்தை நிமிர்த்தலாம் என்று டாக்டர் சொன்னதும் போய்விடுவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டேன்.

"சரி" என்றார், தலையணையிடம்.

பிறகு ஒன்று கேட்டார். வீட்டு அலமாரியில் மூன்று பாகமாக ஒரு நாவல் இருக்கிறது. வாங்கியதோடு சரி, படிக்க வாய்க்கவில்லை. வாசித்துக் காட்ட முடியுமா?

எடுத்து வந்தேன். செங்கல் கனம்.

ஒரு தோணிக் குடும்பத்தின் கதை. கொழும்புக்குக் கருவாடும் ஓடும் ஏற்றிப் போனவர்கள். நூறு வருடம். அந்த வீட்டுப் பெண் வடிவாம்பாள். அவர்களுடைய தோணியை ஓட்டுகிறவன் இசக்கி. இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ இருக்கிறது. ஆனால் ஒரு பாகம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கரை இறங்கும் நாளில் அவள் மாடி விளக்கைச் சற்று முன்னதாக ஏற்றுகிறாள். அவ்வளவுதான். அதற்குள் ஒரு தாத்தா சாகிறார், பாகப்பிரிவினை நடக்கிறது, காலரா வருகிறது.

ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசித்தேன். எதுவும் தோன்றவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஆவுடையப்பன். லாரி ஓட்டுகிறவர். அவரும் குப்புறத்தான். கதை அவருக்கும் சேர்த்துத்தான்.

"மதினி, அந்தப் பய இன்னுமா வாயத் தொறக்கல? எங்க ஊர்னா இந்நேரம் மூணு புள்ள பொறந்து பள்ளிக்கூடம் போயிருக்கும்."

"பேசாமக் கேளும்" என்றாள், சொட்டு மருந்தோடு வந்த டெய்சி சிஸ்டர். "அதான் வெளக்கு ஏத்துதால்லா."

"வெளக்கு ஏத்துனா? அவன் என்ன கரண்டு ஆபீஸ்காரனா, வந்து பாக்கதுக்கு?"

என் கணவர் சிரித்தாரா, தெரியாது. தோள் அசைந்த மாதிரி இருந்தது.

இப்படிப்பட்ட கதைகளில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. அன்று கொஞ்சம் விளங்கியது. கதைக்குள் இரண்டு பேர் பேசாமல் இருந்தால், அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று படிக்கிறவருக்குத் தெரியும். கையில் இன்னும் இத்தனை பக்கம் இருக்கிறது.

வீட்டில் அது தெரிவதில்லை.

காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, நாளை நிமிரலாம் என்று சொல்லியிருந்தார். மறுநாள் இரவு பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டேன். இரண்டாம் பாகம் பாதியில் நின்றது. அதையாவது முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஏழெட்டுப் பக்கங்களைச் சேர்த்துத் திருப்பினேன். மழை வர்ணனை போலிருந்தது. குரல் மாறாமல் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கினேன்.

"வெள்ளத்த விட்டுட்டியே."

தலையணைக்குள்ளிருந்து வந்தது.

நிறுத்தினேன்.

ஆவுடையப்பன்தான் முதலில் பிடித்தார். "ஏ அண்ணாச்சி! அப்ப இது படிச்ச கதையா? நல்ல கள்ளம்லா இது!"

டெய்சி சிஸ்டர் ஆவுடையப்பன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

என் எதிரில் கிடந்தவரின் காது மடல் சிவந்திருந்தது. குப்புறக் கிடப்பவருக்குக் காதுதான் முகம்.

எத்தனை தடவை படித்திருப்பார்? எந்த வருடங்களில்?



பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். மழை ஆரம்பிக்கும் வரியிலிருந்து வாசித்தேன். மெதுவாக.

தண்ணீர் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்குள் வந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். வடிவாம்பாள் மாடியில் தனியாக நின்றாள். இசக்கி ஒரு சின்னப் படகைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். கயிற்றை வீசினான். பிடிக்கச் சொல்லி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

"அட, பேசிட்டான்யா" என்றார் ஆவுடையப்பன்.

ஆவுடையப்பனுக்குப் பார்வை திரும்பியது. லாரி ஓட்டக் கூடாது என்றார்கள். ஓட்டுகிறார். டெய்சி சிஸ்டர் கல்யாணமாகி மஸ்கட் போனாள். மூன்றாம் பாகத்தில் இசக்கி கடலில் இறந்தான். வடிவாம்பாள் வெகுகாலம் இருந்தாள். அவருக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பஸ் நான் இல்லாமல் போனது. ஊருக்கே திரும்பி வர மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். தாமதமாகக் கிடைத்தது.

நாங்கள் இப்போதும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.