யாந்தேயின் கைமணம்

"உன் கைமணம் வேற யாருக்கும் வராது, யாந்தே" என்று சொல்லிவிட்டு ஜெகான் அடுத்த கவளத்தை உருட்டினார்.

மீன்சோற்று வட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு தலைத்துணியின் நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஜெகான்.

உண்மையில், வாயில் போட்டது மீனா மரவள்ளிக்கிழங்கா என்பதே மென்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மழைக்காலத்தில் பிடித்த சளி, போகிறபோது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு கரித்தது, மிளகாய் சுட்டது, புளி புளித்தது. அதற்கு மேல் நாக்குக்கு எதுவும் எட்டவில்லை. சோறு நனைந்த காகிதம் மாதிரி இருந்தது.

மருந்தகத்தில் போய்க் கேட்டதற்கு நர்ஸம்மா சிரித்தாள். நாக்குக்குத் தெரிந்தது நாலைந்து சங்கதிதான், மீதி ருசியெல்லாம் மூக்கு போடும் பிச்சை, பொறுத்திருந்தால் திரும்பி வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பொறுத்திருக்கலாம். வெளியே தெரியாமல் பொறுத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஜோவால் என்ற அந்த மீன்பிடி ஊரின் கடற்கரையில் ஜெகானுக்கு மூக்குதான் கிரீடம். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் கருவாடு எப்படிக் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். வியாபாரிகள் சண்டை அவர் முகர்ந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும்.

வீட்டிலும் அதே மூக்கின் ஆட்சிதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, பூண்டு கருகிவிட்டது, தக்காளி வதங்குமுன் மீனைப் போட்டுவிட்டாய் என்று தீர்ப்பு வந்துவிடும். யாந்தே அகப்பையைக் கொஞ்சம் பலமாக வைப்பாள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் மூக்கில்லாமல் என்ன குறையைக் கண்டுபிடிப்பது? கருகாத பூண்டைக் கருகியது என்று சொல்லிவைத்தால் குட்டு உடைந்துவிடும். அதற்குப் பாராட்டிவிடுவதே பத்திரம் என்று முடிவு செய்தார். கருவாட்டுக் கொட்டகையில் தலைவலி என்று சொல்லித் தப்பித்தார். வீட்டில் வாய்க்கு வாய் புகழ்ந்தார்.

அதில் ஒரு சுகமும் இருந்தது. முன்பெல்லாம் வட்டிலை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு சிகாவோடு சேர்ந்து சாப்பிடக் கொல்லைக்குப் போய்விடும் யாந்தே, இப்போது அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். சிகாகூட வாசல் திரையை விலக்கி, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவாள். கருவாட்டு வாசம் ஆளைத் தூக்குகிறது என்பார் ஜெகான். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நாலு நல்ல வார்த்தைக்கு வீடு இப்படி மாறுமென்றால் முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு மத்தியானம் கொட்டகையிலிருந்து திரும்பும் வழியில் மூக்கு திறந்துகொண்டது. முதலில் மீன் சுடும் அடுப்புகளின் புகை. அப்புறம் கடற்பாசி, குதிரைச் சாணம், யார் வீட்டிலோ வதங்கும் வெங்காயம். ஜெகான் நடுச்சந்தில் நின்று குதிரைச் சாணத்தை ஆசை தீர முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை நாள் பொய்யாகப் புகழ்ந்ததை இன்றைக்கு மெய்யாகப் புகழ்ந்துவிட வேண்டும் என்றிருந்தது. யாந்தே மூடியைத் திறந்தாள். கை கொள்ளுமளவு அள்ளி வாயில் போட்டார்.

மென்றுகொண்டே வட்டிலைக் குனிந்து பார்த்தார். வெறும் வெந்நீரில் வேகவைத்த மீன், உப்பு, மிளகாய், நிறத்துக்குக் கொஞ்சம் தக்காளி. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, கருவாடு அந்தப் பக்கமே வரவில்லை. வாயெல்லாம் கவிச்சி. கொல்லைப்புறத்திலிருந்தோ, நல்ல மீன்சோற்று மணம் அலையலையாக வந்துகொண்டிருந்தது.

குறை சொன்னால், நேற்றுவரை புகழ்ந்தது எந்தக் கணக்கு? சொல்லாவிட்டால் இந்த வட்டிலைக் காலி செய்தாக வேண்டும். யாந்தே கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு கவளத்தை எப்படியோ உள்ளே தள்ளினார். அதற்கு மேல் முடியவில்லை.

"யாந்தே, இன்னிக்கு இதுல கருவாடு போட மறந்துட்டியா?"

யாந்தே எழுந்து கொல்லைப்பக்கம் குரல் கொடுத்தாள். "சிகா, நம்ம சட்டிய இங்க கொண்டா. இவருக்கு மூக்கு வந்துருச்சு."

சிகா சட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். ஜெகான் ஒரு வாய் எடுத்துப் போட்டார். வறுத்த பூண்டும் கருவாடும் தக்காளியும் வாயிலிருந்து மூக்குக்கு ஏறி, அங்கிருந்து உச்சந்தலைவரை போயின. தினமும் இவர்கள் கொல்லையில் இதைத்தான் தின்றிருக்கிறார்கள்.

பாதிச் சட்டி காலியானது. பிறகு தலையை நிமிர்த்தாமலே, "எப்பக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

"நீங்க மொதமொதல்ல நல்லாருக்குன்னு சொன்னீங்களே, அன்னிக்கே."