முந்நூறு வருஷத்து அக்கா

அருங்காட்சியகத்தின் சன்னலோர மேடையில் ஒரு பழங்காலப் பானையும் மூடியும் நாற்பது வருஷமாக இருந்தன. இரண்டும் ஒரே குயவன் வேலை என்று எண்ணி யாரோ ஒரு பழைய ஆய்வாளர் சேர்த்து வைத்தது.

போன வாரம் புது ஆய்வாளர் செண்பகவல்லி வந்தாள். இரண்டின் அடியிலும் ஒரு சிட்டிகை சுரண்டி எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு வந்தாள். "பானை முந்நூறு வருஷம் மூத்தது. நாளைக்குப் பிரிச்சு வெச்சிடலாம்," என்றாள் காவலாளியிடம்.

மூடிக்கு முகம் செத்துவிட்டது. "நமக்குள்ள ஒட்டுமில்லை உறவுமில்லையாம், அக்கா."

"அக்காவா? நேத்து வரைக்கும் 'அடியே'ன்னுதானே கூப்பிட்டே!" பானை சிரிக்கப் பார்த்தது. முடியவில்லை.

மறுநாள் செண்பகவல்லி மூடியைத் தூக்கினாள். பானையின் தோளெல்லாம் தூசு. உள்ளே ஒரு பொட்டுத் தூசு இல்லை. உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, புதுச் சீட்டு எழுதி ஒட்டிப் போனாள்.

"என்னடி எழுதியிருக்கு?" என்றது பானை.

மூடி எட்டிப் படித்தது. "'இவை வெவ்வேறு காலத்தவை. நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன.'"



"அக்கா சொல்றேன், எட்டிப் பார்த்தது போதும். நேரா உட்காருடி, தூசு விழுது."