தலைகாட்ட முடியாதவர்

"வெளிய தலைகாட்ட முடியல சார். ஆறு மாசத்துல பாதி போயிடுச்சு" என்றார் வந்தவர்.

"விழறது சகஜம்" என்றார் மேசைக்கு எதிரில் இருந்தவர், நிதானமாக. "தினமும் எண்ணிப் பாக்காதீங்க. நீண்ட கால நோக்கோட காத்திருங்க, தானா வளரும்."

"கடைசியில தலையில துண்டுதான் போல."

"மிச்சம் இருக்கறதை நினைச்சு சந்தோஷப்படுங்க."

வந்தவர் கொதித்துவிட்டார். "ஃபீஸ் வாங்கிட்டு வியாக்கியானம் பேசறீங்களே. முடி வளர மருந்து எழுதிக் கொடுங்க டாக்டர்."

"எழுதறேன்" என்று பேனாவைத் திறந்தார் டாக்டர். "உங்க பேச்சைக் கேட்டு வாங்கின ஷேரெல்லாம் விழுந்தப்ப, ஃபீஸ் வாங்கிட்டு நீங்க எனக்குக் கொடுத்த முதலீட்டு ஆலோசனைதான் சார் இது. ஒரு வார்த்தை மாத்தல."